ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளைத் திறந்தது யார்? ('தி ஷைனிங்' பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வரவும்)

குளிர்மூக்கன்

வணக்கம் மக்களே. பழைய படம்தான், 1980. ஸ்டான்லி குப்ரிக். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள், முழுக் கதையையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

போன சனிக்கிழமை ராத்திரி தங்கச்சியோடு உட்கார்ந்து நாலாவது தடவையாகப் பார்த்தேன். அவளுக்கு இது முதல் தடவை. நான் பெரிய ஆள் மாதிரி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்தேன். பேய் என்று எதுவும் இல்லை, குடியை விட்ட ஜாக் மாதிரி ஒருவன், குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும் ஹோட்டலுக்குக் காவலாளியாகக் குடும்பத்தோடு போய்ப் பனியில் அடைபட்டுக் கிடந்தால் மூளை இப்படித்தான் கழன்றுபோகும், வெறும் மதுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு பீருக்கு ஆத்மாவையே தருவேன் என்கிறான், கையை முகத்திலிருந்து எடுத்தால் பார்மேன் நிற்கிறான், மனைவி வெண்டி உள்ளே வந்தால் யாரும் இல்லை. எல்லாம் அவன் தலைக்குள்ளேதான் என்றேன். அவளும் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் ஸ்டோர் ரூம் வந்தது. வெண்டி அவனை மட்டையால் அடித்து, இழுத்துப் போட்டு, வெளியே தாழ் போடுகிறாள். அவன் உள்ளிருந்து இடிக்கிறான், கதவு அசையவில்லை. மாலை 4 மணி என்று கார்டு வருகிறது. மூட்டைகளுக்கு நடுவே தூங்குகிறவனை யாரோ கதவைத் தட்டி எழுப்புகிறார்கள். முன்பு அங்கே காவலாளியாக இருந்து தன் குடும்பத்தையே கொன்ற கிரேடியின் குரல். இரண்டு வார்த்தை பேச்சு, ஒரு வாக்குறுதி. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அடுத்து நாம் பார்க்கும்போது அவன் கையில் கோடரி.

"அப்ப இதைத் திறந்தது யாரு, உன் மூளைக்காரனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். மானம் போகிறது.

பக்கத்துவீட்டுப்பேய்

ஜாக்கின் பையன் டேனிதான். இதில் என்ன சந்தேகம்?

பையன் அந்த நேரத்தில் டேனியாகவே இல்லை. டேனி இங்கே இல்லை என்று, தனக்குள் இருப்பதாக விரலை ஆட்டிப் பேசுவானே அந்த டோனியின் குரலில் அவனே அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா தூங்கும்போது கத்தியை எடுத்துக்கொண்டு நடக்கிறான், கதவில் லிப்ஸ்டிக்கால் எழுதுகிறான். அப்படி நடந்த பையன் சமையலறை வரைக்கும் போயிருக்க மாட்டானா? அப்பாவை வெளியே விட்டுப் பனிப் புதிர்த்தோட்டத்துக்குள் இழுத்துக் கொன்றுவிட வேண்டும் என்பதுதான் டோனியின் திட்டம்.

எடிட்டிங் மேசை

கதவைத் திறக்கிற காட்சி படத்தில் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? கேமரா உள்ளேயே நிற்கிறது, ஜாக்கின் முகத்தோடு. திறப்பதை நாம் காதால்தான் தெரிந்துகொள்கிறோம். கையைக் காட்டியிருந்தால் இந்த இழையே இருக்காது.

முப்பது வருஷமாக வெட்டி ஒட்டுகிற தொழிலில் இருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஷாட் வைக்க அரை நாள் வேலை. அதைக்கூட எடுக்கவில்லை என்றால் வேண்டாம் என்று முடிவு செய்துதான் விட்டிருக்கிறார்கள். மறதி இல்லை.

ஆனால் டேனி என்பதற்குப் படத்தில் ஒரு பிரேம் சாட்சி இல்லை, பக்கத்துவீட்டுக்காரரே. திறப்பதைக் காட்டவில்லை என்பதற்காக யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. அப்படியானால் நான்கூடத் திறந்திருக்கலாம்.

தாமரை வாசிக்கிறாள்

இது ரொம்பச் சுலபமான கேள்வி, குளிர்மூக்கன். ஸ்டீபன் கிங்கின் நாவலில் (1977) இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. அங்கேயும் ஜாக்கை உள்ளே போட்டுப் பூட்டுகிறார்கள், அங்கேயும் கிரேடி வந்து பேசி, தாழைத் திறந்துவிடுகிறான். கோடரிக்குப் பதில் ரோக் ஆட்டத்துக்கான மரச் சுத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

குப்ரிக்கே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் சீமாங் எடுத்த பேட்டி. நாவலின் சாமர்த்தியமே அதுதான் என்கிறார். அதுவரை நடப்பதெல்லாம் ஜாக்கின் கற்பனை என்று வாசகர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வரலாம், கிரேடி தாழ்ப்பாளை இழுக்கிற இடத்தில் அந்தச் சமாதானம் செல்லாது, அமானுஷ்யம் என்பதைத் தவிர வேறு விளக்கமே மிச்சமில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

ஆக திறந்தது கிரேடி. தங்கச்சி ஜெயித்தாள். இழையைப் பூட்டிவிடலாமா?

பக்கத்துவீட்டுப்பேய்

இயக்குநர் பேட்டியில் சொன்னால் முடிந்துவிட்டதா? அவர் என்ன நினைத்து எடுத்தார் என்பது அவர் பாடு. திரையில் இருப்பதுதான் எனக்குக் கணக்கு.

எடிட்டிங் மேசை

திரையில் இருப்பதுதான் கணக்கு என்றால் டேனி திரையில் எங்கே இருக்கிறான் என்று மறுபடியும் கேட்கிறேன்.

மலைக்குளிர்

ஒரு சின்ன இடையூறு. நான் மலை மேல் ஒரு லாட்ஜில் ஸ்டோர் பார்க்கிறவன், எனக்கு இந்தக் கதவு விஷயம் கொஞ்சம் தெரியும்.

குளிர் அறைக் கதவு என்றால் உள்ளே ஒரு குமிழ் இருக்கும், வெளியே பூட்டியிருந்தாலும் அதைத் தள்ளினால் திறந்துகொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டு ஆள் விறைத்துவிடக் கூடாது என்பதற்காக வைப்பது. மளிகை வைக்கிற அறைக்கு அதெல்லாம் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். படத்தில் வருவது மளிகை அறை. பின்னால் அட்டைப்பெட்டியும் டப்பாவுமாக அடுக்கியிருக்கும். வெளியே கொண்டியைப் போட்டால் போட்டதுதான்.

நானே ஒரு தடவை எங்கள் மளிகை அறையில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். புதுப் பையன் ஒருவன், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கொண்டியைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் கதவை உதைத்தேன். தோளால் இடித்தேன். அதற்கப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? கதவோடு பேச ஆரம்பித்தேன். "டேய், திறடா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா" என்று கெஞ்சல். வெளியே யாருமே இல்லை. ஜாக் செய்வதும் அதேதான், முதலில் மிரட்டல், அப்புறம் தலை சுற்றுகிறது, டாக்டர் வேண்டும் என்று கொஞ்சல். தரையிலிருந்து மேலே பார்த்து எடுத்திருப்பார்கள், அவன் கதவில் சாய்ந்தபடி பேசுவான். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

தானாகக் கழன்றிருக்கும் என்று யாராவது சொல்ல வருவீர்கள். கழலாது. அத்தனை இடி இடித்தபோது கழலாதது, அவன் தூங்கி எழுந்ததும் எப்படிக் கழலும்?

குளிர்மூக்கன்

மலைக்குளிர் அண்ணே, இந்த இழைக்கு இதுதான் மகுடம். புதுப் பையன் என்ன ஆனான்?

மலைக்குளிர்

இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். ஸ்டோருக்குள் போகும்போதெல்லாம் "அண்ணே உள்ளே இருக்கீங்களா" என்று கத்திவிட்டுத்தான் கொண்டியைத் தொடுகிறான்.

கண்ணாடிக்காரன்

கண்ணாடியைப் பற்றி யாருமே பேசவில்லையே. ஜாக் பேயைப் பார்க்கிற இடமெல்லாம் எதிரே ஒரு கண்ணாடி இருக்கும். மதுக்கூடத்தில் பாட்டில் அலமாரிக்குப் பின்னால் கண்ணாடி. சிவப்புக் கழிப்பறையில் கிரேடியிடம் பேசும்போது சுவரெல்லாம் கண்ணாடி. 237ஆம் அறையில் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்தபடி கண்ணாடியைப் பார்க்கிறான், அதில்தான் அழுகிய உடம்பு தெரிகிறது. அவன் பேசுவது தன்னோடுதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்டோர் ரூமில் மட்டும் கண்ணாடி கிடையாது. வெறும் கதவு. முதல் தடவையாக அவன் கிரேடியைப் பார்க்காமல் பேசுகிறான், குரல் மட்டும்தான் கேட்கிறது. அதே இடத்தில்தான் முதல் தடவையாகப் பேய் ஒரு பொருளைத் தொட்டு வேலை செய்கிறது. இது தற்செயலா?

எடிட்டிங் மேசை

இது நல்ல கவனிப்பு. இதை ஒத்துக்கொள்கிறேன். (இந்த மன்றத்தில் நான் ஒத்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு தடவை.)

பக்கத்துவீட்டுப்பேய்

சரி, இதையும் பாருங்கள். ஜாக் தட்டச்சு செய்யும்போது பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது, அடுத்த ஷாட்டில் இல்லை, அப்புறம் மறுபடி வந்துவிடுகிறது. தட்டச்சு இயந்திரமே நிறம் மாறுகிறது. ஹோட்டல் மேலாளர் உல்மனின் அறைக்கு அந்தப் பக்கம் நடைபாதை ஓடுகிறது, அப்படியிருக்க வெயில் வருகிற ஜன்னல் அங்கே எப்படி? டேனி கார் ஓட்டி விளையாடும்போது கம்பளத்தின் வடிவம் ஷாட்டுக்கு ஷாட் திரும்பிவிடுகிறது. ஒரு காட்சியை நூறு தடவை எடுக்க வைக்கிற மனுஷன் இதையெல்லாம் கவனிக்காமலா விட்டிருப்பான்? நாவலில் அறை எண் 217, படத்தில் 237. ஏன்?

எடிட்டிங் மேசை

அறை எண்ணுக்குக் காரணம் ரொம்பச் சப்பென்று இருக்கும், மன்னிக்கவும். வெளிப்புறக் காட்சிக்கு ஓரிகனில் இருக்கிற டிம்பர்லைன் லாட்ஜைப் படம் பிடித்தார்கள். அங்கே 217 என்று நிஜமாகவே அறை உண்டு. படம் வந்தபிறகு அதில் யாரும் தங்க மாட்டார்கள் என்று லாட்ஜ்காரர்கள் பயந்து, இல்லாத எண்ணைப் போடச் சொன்னார்கள். அப்படி வந்ததுதான் 237.

அதற்குப் பிறகு அந்த எண்ணை வைத்து நிலாவுக்கும் பூமிக்கும் உள்ள தூரம், டேனி போட்டிருக்கும் அப்போலோ 11 ஸ்வெட்டர், நிலவில் இறங்கியதையே குப்ரிக்தான் படம் எடுத்துக் கொடுத்தார் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். இந்த விளக்கக்காரர்களைப் பற்றியே 2012ல் ஒரு ஆவணப்படம் வந்தது, பெயரே 'ரூம் 237'. குப்ரிக்கின் உதவியாளர் லியோன் விட்டாலி அதைப் பார்த்துவிட்டு முக்கால்வாசியைச் சிரித்து ஒதுக்கினார்.

நாற்காலிக்கு வருகிறேன். செட்டில் நூறு தடவை எடுக்கிறார்கள் என்றால், நூறு தடவை யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள் என்று அர்த்தம். மேசையில் உட்கார்ந்து வெட்டும்போது நடிகரின் முகம் நன்றாக இருக்கிற டேக்கைத்தான் எடுப்போம். நாற்காலிக்காக நல்ல முகத்தைத் தூக்கிப் போட மாட்டோம். நான் ஒரு கல்யாணக் காட்சியில் மாலையே இல்லாத மாப்பிள்ளையை விட்டிருக்கிறேன். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் துறவறத்தின் குறியீடு என்று சொல்லியிருப்பேன்.

மலைக்குளிர்

ஹாஹா. அப்போ 'சந்திரமுகி' பாம்பு என்ன குறியீடு அண்ணே?

எடிட்டிங் மேசை

அந்தப் பாம்பு எதற்கு வந்தது, எங்கே போனது என்று எடுத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். எல்லா மர்மத்தையும் மனோதத்துவத்தால் விளக்கி முடித்த படத்தில், விளக்கமே இல்லாமல் ஊர்ந்துபோன ஒரே ஜீவன் அதுதான்.

தாமரை வாசிக்கிறாள்

பாம்பை விடுங்கள். இழையைப் பூட்டலாமா என்று கேட்டவள் நான்தான், இப்போது நானே திறக்கிறேன்.

எல்லாரும் பேயையும் நாற்காலியையும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று ராத்திரி படத்தை மறுபடி போட்டபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒரு கணக்கு.

ஆரம்பத்தில் டேனி மயங்கி விழுந்ததும் ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கு வருவார். வெண்டி சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க முயன்றபடி சொல்வாள்: ஒருநாள் ஜாக் குடித்துவிட்டு வந்தான், பையன் காகிதங்களைக் கலைத்துப் போட்டிருந்தான், கையைப் பிடித்து இழுத்ததில் தோள்மூட்டு நழுவிவிட்டது, ஆனால் ஒரு நல்லது நடந்தது, அன்றோடு ஜாக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான், இப்போது அஞ்சு மாதமாகத் தொடவில்லை. சிகரெட் சாம்பல் ஒரு விரல் நீளத்துக்கு வளைந்து நிற்கும், தட்டக்கூட மாட்டாள். டாக்டர் ஒன்றும் பேச மாட்டார். அவர் முகத்தைப் பாருங்கள்.

மதுக்கூடத்தில் ஜாக் பார்மேன் லாயிடிடம் முதல் கிளாஸைத் தூக்கும்போது அவனும் அஞ்சு மாத விரதம் என்றுதான் சொல்கிறான். அதுவரை சரி. ஆனால் பையன் கையை இழுத்த கதையைச் சொல்லும்போது, அது நடந்து மூணு வருஷம் ஆகிறது என்று கத்துகிறான்.

மூணு வருஷத்துக்கு முன்னால் கையை இழுத்தான், அஞ்சு மாதத்துக்கு முன்னால்தான் குடியை விட்டான் என்றால், நடுவில் இரண்டரை வருஷம் என்ன நடந்தது? அன்றோடு விட்டான் என்று வெண்டி ஏன் டாக்டரிடம் சொன்னாள்?

குளிர்மூக்கன்

தாமரை அக்கா, ஒரு நிமிஷம். நான் பார்த்த படத்தில் டாக்டரே வரவில்லையே?

தாமரை வாசிக்கிறாள்

நீங்கள் பார்த்தது ஐரோப்பாவுக்கு வெட்டிய வடிவம், தம்பி. எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். அமெரிக்க வடிவம் 144 நிமிஷம். மற்றது 119 சொச்சம், அதையும் குப்ரிக்கே குறைத்தார். டாக்டர் காட்சி அதில் போய்விட்டது. கடைசியில் வெண்டி எலும்புக்கூடுகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தைப் பார்ப்பதும் போய்விட்டது.

குளிர்மூக்கன்

பார்த்துவிட்டேன். 119. நாலு தடவையும் இதைத்தான் பார்த்திருக்கிறேன் போல. இத்தனை நாள் பாதிப் படத்தை வைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

கண்ணாடிக்காரன்

வசனம் எழுதும்போது கணக்கு தப்பியிருக்கலாம் இல்லையா? நாற்காலி மாதிரி.

எடிட்டிங் மேசை

நாற்காலி செட்டில் நகர்ந்துவிடும். "மூணு வருஷம்" காகிதத்தில் எழுதி, நடிகர் மனப்பாடம் செய்து, கோபத்தோடு அழுத்திச் சொல்கிற வசனம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் தப்பு நேரவே நேராது என்றும் சொல்ல மாட்டேன்.

தாமரை வாசிக்கிறாள்

தப்பென்றே வைத்துக்கொள்ளுங்கள், பொருந்துகிற தப்பு. 237க்குப் போய்விட்டுக் கழுத்தில் காயத்தோடு பையன் வந்து நிற்கும்போது வெண்டி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. நீதான் செய்தாய் என்று நேராக ஜாக்கைப் பார்த்துக் கத்துகிறாள். ஒரே ஒரு தடவை, அதுவும் தவறிப்போய் நடந்தது என்றால் அப்படி உடனே வாயில் வருமா? எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். கை வீங்கினால் படியில் விழுந்தேன் என்பார். கீழ் வீடு, படியே கிடையாது. எங்கள் அம்மா அந்த டாக்டர் மாதிரிதான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஜாக் 237க்குள் போய் அவ்வளவு பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்று மனைவியிடம் சொல்கிறான். அவளும் டாக்டரிடம் பாதியை மறைத்தாள். அந்தக் குடும்பத்தில் டேனி மட்டும்தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவன், அவனும் அதற்கு டோனி என்று ஒரு விரலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலைக்குளிர்

அக்கா, விரல் விஷயம் எனக்கு இப்போதுதான் உறைத்தது.

பக்கத்துவீட்டுப்பேய்

இது அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் புகைப்படத்தை எதில் சேர்ப்பீர்கள்? 1921 ஜூலை 4, நடன விருந்து, நடுவில் ஜாக். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. அது சாத்தான் உருவத்தின் நிலை என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். குடும்ப வன்முறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எடிட்டிங் மேசை

கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சந்தோஷப்படுவீர்கள் அல்லது வருத்தப்படுவீர்கள். அது செட்டில் எடுத்த படம் இல்லை. துணை நடிகர்களை வைத்து எடுக்கத்தான் முதலில் நினைத்தார்கள். பழைய படத்தில் இருக்கிற முகங்கள் மாதிரி வரவில்லை என்று ஒரு படக் காப்பகத்திலிருந்து நிஜமான 1921 படத்தையே எடுத்து, நடுவில் நின்றவர் தலையை நீக்கி ஜாக் நிக்கல்சன் தலையைப் பொருத்தினார்கள்.

அந்த நடு ஆள் யார் என்பது 2025ல்தான் தெரிந்தது. சாண்டோஸ் கசானி என்ற நடன ஆசிரியர். இடம் லண்டன் கென்சிங்டனில் ராயல் பேலஸ் ஹோட்டல், நாள் 1921 பிப்ரவரி 14, காதலர் தின நடனம். கை அவருடைய கை. டான்ஸ் மாஸ்டர் கையை அப்படித்தான் வைப்பார். சாத்தான் பாவம், அவனுக்கு அழைப்பிதழே போகவில்லை.

தாமரை வாசிக்கிறாள்

மறுபிறவியைச் சுட்டுகிறது என்று குப்ரிக் அதே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நமக்கு மறுபிறவி என்றால் ஒன்றும் புதிதில்லை, பாட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஆனால் எனக்கு அது கிரேடியோடு சேர்த்துப் படித்தால்தான் புரிகிறது. முதலில் உல்மன் சொல்கிறபோது 1970 குளிர்காலத்துக் காவலாளி சார்லஸ் கிரேடி. கழிப்பறையில் சந்திப்பவன் டெல்பர்ட் கிரேடி, ஹோட்டல் பணியாள். நீதான் இங்கே காவலாளி என்று ஜாக் சொன்னால், இல்லை ஐயா, எப்போதுமே நீங்கள்தான் என்கிறான். பெயரும் வருஷமும்தான் மாறுகின்றன. மனைவி மக்களைத் "திருத்துகிற" வேலை மாறவில்லை. கிரேடி அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறான், கொன்றேன் என்று சொல்வதே இல்லை.

பக்கத்துவீட்டுக்காரர் கேட்ட சம்பந்தம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்காரன்

நான் என் கண்ணாடியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஸ்டோர் ரூம் பேச்சை இப்போது மறுபடி கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. கிரேடி சும்மா திறந்துவிடவில்லை. உனக்கு இதைச் செய்யத் திராணி இல்லை என்று முதலில் மட்டம் தட்டுகிறான், உன் மனைவி நாங்கள் நினைத்ததைவிட வலுவானவள் போலிருக்கிறதே என்கிறான், அப்புறம் வாக்குக் கேட்கிறான். வாக்குக் கொடுத்த பிறகுதான் தாழ் இழுபடுகிறது.

குளிர்மூக்கன்

144 நிமிஷ வடிவத்தைத் தேடிப் பிடித்துத் தங்கச்சியோடு மறுபடி உட்கார்ந்தேன். டாக்டர் காட்சி வந்ததும் அவள் படத்தை நிறுத்தச் சொன்னாள். "இவங்க பொய் சொல்றாங்க" என்றாள். மூணு வருஷக் கணக்கு எதுவும் நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்றாங்களே, அதான் என்றாள்.

ஸ்டோர் ரூம் வந்தபோது இரண்டு பேரும் ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக் கேட்டோம். வெறும் இரும்புச் சத்தம். யாருடைய காலடியும் கேட்கவில்லை, வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

இன்னொன்று, இதை யாராவது சொல்லுங்கள். நடைபாதையில் டேனியிடம் ஒரு டென்னிஸ் பந்து உருண்டு வருகிறதே, அதைத் தொடர்ந்துதானே அவன் 237க்குப் போகிறான். அதை உருட்டியது யார்?

தாமரை வாசிக்கிறாள்

ஐயோ. நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது, தம்பி.

எடிட்டிங் மேசை

படம் வெளியானபோது கடைசியில் ஒரு மருத்துவமனைக் காட்சி இருந்தது. உல்மன் வெண்டியையும் டேனியையும் பார்க்க வருவார், கிளம்பும்போது பையனிடம் ஒரு பந்தைத் தூக்கிப் போடுவார். ஓட ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் குப்ரிக் அதை வெட்டி எடுத்துவிட்டார்.

இதை வைத்துக்கொண்டு தூங்கிப் பாருங்கள்.

பக்கத்துவீட்டுப்பேய்

உல்மனா!! நான் புது இழை ஆரம்பிக்கிறேன்.

மலைக்குளிர்

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஷாட்டில் இருக்குமா தெரியவில்லை.